ஆத்தா கழுத்துக்குச் சொன்ன மூக்குத்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். தாளை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மடித்து வைத்தது எத்தனையோ தடவை. சொன்னால் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பும், அதனால் யாருக்காவது சங்கடம் வரும் என்ற கலக்கம்தான். போன தை மாதம் என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "மாரியாத்தாளுக்குத் தெரியாததயா நீ எழுதிடப் போற? எழுது, பேசாம." அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பெரம்பலூரில் ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். எழுத்தில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்த ஊர் ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயசு இருக்கும்.

ஊர்த்தெருவும் எங்கள் தெருவும் தனித்தனி. இரண்டுக்கும் நடுவில் மாரியம்மன் கோயில். கோயிலுக்கு முன்னால் மஞ்சள் பூசிய ஒரு சூலக்கல் நட்டிருக்கும். எங்கள் தெருக்காரர்கள் அதுவரைக்கும்தான் போவார்கள். தாண்டக்கூடாது என்று எந்தப் பலகையும் இல்லை. யாரும் தாண்டியதில்லை, அவ்வளவுதான். எனக்கு அது பாண்டி ஆடுகிற கோடு மாதிரித்தான் தெரிந்தது. கோட்டை மிதித்தால் ஆட்டம் போய்விடும் என்பதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அந்த வருஷம் பங்குனியில் அம்மனுக்கு அபிஷேகம் செய்யும்போது அவள் தாலி அறுந்து காலடியில் விழுந்துவிட்டது. எத்தனையோ காலத்துத் தாலி. கயிறு கோக்கிற வளையம் தேய்ந்து தேய்ந்து நூலாகிப் போயிருந்ததாம். ஊரே பதறிப் போயிற்று. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் புதுத் தாலி செய்து கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அம்மன் தாலிக்கு ஒரு முறை உண்டு. கடையில் வாங்கின பொன் ஆகாது. ஊரில் கட்டுக்கழுத்தியாக இருக்கிற பெண்கள் உடம்பில் போட்டிருந்த பொன்னிலிருந்து ஆளுக்கு ஒரு பொட்டு கழற்றிக் கொடுக்க வேண்டும். அதை எல்லாரும் பார்க்கக் கோயில் வாசலிலேயே உருக்கி, பொழுது சாய்வதற்குள் அடித்து முடித்து அவள் கழுத்தில் ஏற்றிவிட வேண்டும்.

இதைத் தப்படித்து ஊரெல்லாம் சொன்னவர் என் அப்பா. சாமி காரியம் எதுவானாலும் சாட்டுகிற வேலை அவருடையது. "வர்ற வெள்ளிக்கெழம ஆத்தாளுக்குத் தாலி உருக்குறாங்க சாமியோவ்! வூட்டுக்கு ஒரு பொட்டுப் பொன்னு, உடம்புல கெடந்த பொன்னு!" என்று ஒவ்வொரு தெரு முனையிலும் நின்று கத்தினார். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து தப்பை ஆணியில் மாட்டினார். பக்கத்து வீட்டில் இருந்த என் அத்தை, அப்பாவின் தங்கச்சி, வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏண்ணே, ஊரு பூரா தட்டுனியே, நம்ம தெருவுக்கு வந்ததும் தப்பு கிழிஞ்சி போச்சா?"

அப்பா சோற்றைப் போடச் சொன்னார். எங்கள் தெருவில் தட்டச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது. ஊர்ச் செய்தியை உரக்கச் சொன்னவர், சொன்ன செய்தியில் தன் வீடு இல்லை என்பதையும் சேர்த்தே சுமந்துகொண்டு வந்திருந்தார்.

அன்றைக்குச் சோறு போட்டது அம்மா. ஆனால் அவள் நினைப்பு சட்டியில் இல்லை. கரண்டியைப் பிடித்தபடியே, இடக்கை விரலால் மூக்குத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மூக்குத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் பொன் என்று இருந்தது அது ஒன்றுதான். காதில் கிடந்தது பித்தளை. கல்யாணத்துக்கு முன்னால் என் மாமன், அம்மாவின் அண்ணன், கரும்பு வெட்டப் போய்ச் சேர்த்ததைக் கொண்டு ஊர்ப் பத்தரிடம் செய்து போட்டது. ஆறு இதழ் வைத்த சின்னப் பூ. அச்சில் அடித்தது இல்லை, ஒவ்வொரு இதழாக அரத்தால் ராவி எடுத்தது. அதில் ஒரு இதழ் மட்டும் மற்றதைவிடக் குட்டை. "பத்தருக்கு அந்த நேரம் பசி வந்திருக்கும்" என்று அத்தை கேலி செய்வாள். களை பறித்துவிட்டுப் பெண்கள் அந்தியில் வரப்போடு வரிசையாக வரும்போது, முகம் தெரியாது, நடை தெரியாது. எங்கேயாவது ஒரு இடத்தில் மினுக்கென்று ஒரு பொட்டு வெளிச்சம் அசையும். அதுதான் என் அம்மா. நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வேன். ஒருநாளும் ஆள் மாறிக் கட்டியதில்லை.

அதற்கு முந்திய கோடையில் என் அண்ணனுக்கு அம்மை வார்த்திருந்தது. ஆத்தா உடம்பெல்லாம் இறங்கி, கண்ணுக்குள்ளேயும் முத்துப் போட்டு, பிள்ளை பிழைக்காது என்று தெருவே பேச்சைத் தாழ்த்திவிட்டது. அம்மா வேப்பிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னாள்: "எம்புள்ளய எனக்கு வுட்டுட்டுப் போ தாயே. என் மூக்குல கெடக்கறத உன் கழுத்துக்குத் தர்றேன்." அண்ணன் எழுந்தான். கண்ணும் தப்பியது. வேண்டுதல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் அண்ணன் தும்மினாலும் அம்மாவின் கை மூக்குத்திக்குப் போகும்.

"இதுக்குப் போய் ஏன் அண்ணி இவ்வளவு யோசன? ஊர்க்காரங்க யாருகிட்டயாவது குடுத்து உண்டியல்ல போடச் சொல்லிட்டா முடிஞ்சிது" என்றாள் அத்தை.

"உண்டியல்ல போட்டா உண்டியலுக்குத்தான் போவும். நான் கழுத்துக்குன்னு சொல்லியிருக்கேன்."

"ஆத்தா என்ன, கணக்குப் புள்ளயா? கழுத்துக்குன்னே, உண்டியலுக்குப் போட்டுட்டேன்னு கேக்கப் போறாளா?"

"அவ கேக்க மாட்டா. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தலைக்குக் குளித்தாள். மூக்குத்தியைக் கழற்ற முடியவில்லை. திருகு இறுகிப் போயிருந்தது. விளக்கெண்ணெய் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகி எடுத்தாள். துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்ப ஈர்க்கு ஒன்றை ஒடித்துச் செருகிக்கொண்டாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க யாரோ போல இருந்தது. வெற்றிலையில் மஞ்சள், பூ, நடுவில் மூக்குத்தி. அதை என் கையில் கொடுத்து, "மூச்சு வுடாம எடுத்துக்கிட்டு வா" என்றாள். நான் நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பத்தர் பலகையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கரி நிரப்பிய குமட்டி அடுப்பு, பொன் உருக்குகிற சின்ன மூசை, வாயால் ஊதுகிற குழல், உரைகல், அரம், இடுக்கி. ஒல்லியான மனிதர். முதுகு குழல் மாதிரியே வளைந்திருக்கும். வாயைத் திறந்தால் வெடுக்கென்றுதான் பேச்சு வரும். அவரிடம் நகை செய்யப் போகிற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் முன்னால் தள்ளிவிடுவார்களாம்.

ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். தோட்டுத் திருகு, ஒடிந்த மோதிரம், சங்கிலியின் ஒரு கண்ணி. பத்தர் ஒவ்வொன்றையும் கல்லில் உரைத்துப் பார்த்து மூசையில் போட்டார். பெரியவீட்டுக்காரரின் தங்கச்சி ஒரு ஜிமிக்கித் தொங்கலைக் கொண்டுவந்து நீட்டினார். பெரியவீட்டுக்காரர் என்றால் கோயில் காரியத்துக்கு அவர் சொன்னதுதான் சொல். பத்தர் அதை உரைத்தார். திருப்பி உரைத்தார்.

"இத எங்கம்மா வாங்குனீங்க?"

"டவுன்லதான் பத்தரே. பெரிய கடை."

"கடை பெருசுதான். பொன்னுதான் மேலோட நின்னுக்கிச்சு. உள்ள பூராவும் செம்பு. திரி தூண்ட வச்சுக்கங்க."

கூட்டம் சிரித்தது. அந்த அம்மா முகம் சிவக்க விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியவீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா சூலக்கல்லுக்கு வெளியே தப்போடு நின்றுகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வீட்டில் அவரிடம் அம்மா சொல்லியிருக்கவில்லை. 'வேண்டாம்' என்று கண்ணால் சொன்னார். அம்மா அவரைப் பார்க்காத மாதிரி, கல்லுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள்.

"சாமி, எனக்கும் ஒரு வேண்டுதல் நிக்குதுங்க."

பெரியவீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன புள்ள?"

"எம்புள்ளைக்கு ஆத்தா வந்திருந்தப்ப, மூக்குல கெடக்கறத அவ கழுத்துக்குத் தர்றேன்னு சொல்லிட்டேனுங்க. இதோ இருக்குதுங்க."

"இது ஊர்த் தாலி. வரி குடுக்குற தலைக்கட்டுக்குத்தான். தெரியுமில்ல உனக்கு?"

"தலைக்கட்டு எனக்கு வேணாஞ் சாமி. உள்ள வரணும்னும் கேக்கல. வாயால சொல்லிட்டேன். அதான்."

யாரோ ஒருத்தர், "உண்டியல்ல போடச் சொல்லுங்க" என்றார். இன்னொருத்தர், "அதெப்புடி இதுல கலக்குறது?" என்றார். பின்னால் ஒரு கிழவர், "வேண்டுதல்னு சொல்றப்ப மறிக்கவும் கூடாது, நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம தலையில வந்து விடியும்" என்று முனகினார். பெரியவீட்டுக்காரர் கெட்டவர் இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவருக்கு அம்மனிடமும் பயம், ஊரிடமும் பயம். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பத்தர் குமட்டியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மொதல்ல அது பொன்னா என்னான்னு பாப்பம். அப்பறம் உங்க வழக்கப் பேசிக்கிட்டு இருங்க. ஏ குட்டி, கொண்டா இங்க."

குட்டி என்றது என்னைத்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என் முதுகில் லேசாகக் கை வைத்தாள். நான் கல்லுக்குப் பக்கத்தில் போய் வெற்றிலையைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தேன். பத்தர் எழுந்து வந்து இடுக்கியால் மூக்குத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பூவைத் திருப்பிப் பார்த்தார். குட்டை இதழ் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் கை அசையவில்லை. பிறகு உரைகல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார்.

"நான் பண்ணுனதுதான். செம்பு தூக்கலாப் போட்டுப் பண்ணுனது. அன்னைக்கு அவங்க கொண்டாந்த பொன்னு அவ்வளவுதான். மட்டப் பொன்னு. இத இந்த உருக்குல போட்டா மொத்தப் பொன்னும் மட்டமாயிடும். சேக்க முடியாது."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவ்வளவு கூட்டத்தில் என் அம்மாவின் மூக்குத்தியை மட்டம் என்று சொல்லிவிட்டாரே. வரப்பில் மினுக்கியது மட்டமா?

ஊருக்கு மூச்சு வந்தது. எல்லார் முகமும் தெளிந்துவிட்டது. பெரியவீட்டுக்காரர் கையை விரித்தார். "கேட்டியா புள்ள? நாங்க ஒண்ணும் சொல்லல. பத்தரே சொல்லிட்டாரு. பொன்னு சரியில்ல, அவ்வளவுதான்."

அம்மா பத்தரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆத்தா கழுத்துக்குன்னு சொல்லியிருக்கேனுங்க, பத்தரய்யா" என்றாள் மெதுவாக.

"காது கேக்குது எனக்கு. செவிடு இல்ல" என்று வெடுக்கென்று சொன்னார் அவர். "எடுத்துக்கிட்டுப் போறியா, இங்க கெடக்கட்டுமா?"

அப்பா தப்பைத் தோளில் மாற்றிக்கொண்டு, "எடுத்துக்கிட்டு வா, போவலாம்" என்று பல்லுக்குள் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள்.

"கெடக்கட்டுங்க" என்றாள்.

பத்தர் மூக்குத்தியைத் தன் தட்டின் ஓரத்தில் போட்டுவிட்டுக் குழலை எடுத்து ஊத ஆரம்பித்தார். பெரியவீட்டுக்காரர் கூட அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. தட்டான் தட்டில் ஒரு மூக்குத்தி கிடந்தால் யாருக்கு என்ன?

எனக்கு மட்டும் அது போதவில்லை. எங்கள் மூக்குத்தியை இவர் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று தோன்றிவிட்டது. பொன் வேலை செய்கிறவர்கள் பெற்ற தாய் நகையிலும் கொஞ்சம் எடுத்துவிடுவார்கள் என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகையால் நான் அன்று பகல் முழுக்க அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. அவளும் என்னை மாதிரியே காவல் காக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூசையில் பொன் உருகிக் கண் மாதிரித் திரண்டது. ஊற்றினார். ஆறினதும் பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டித் தகடாக்கினார். வெட்டினார், ராவினார். வெயில் ஏறி இறங்குவதற்குள் தாலி தாலியாகிவிட்டது. கூட்டம் பாதி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தது. நாங்கள் போகவில்லை. கயிறு கோக்கிற வளையத்தைத் தனியாகக் கம்பி இழுத்து வளைத்துச் செய்தார். அதையும் தாலியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

அதற்கப்புறம் என் அம்மாவின் மூக்குத்தியைக் கையில் எடுத்தார்.

அரத்தை வைத்து ராவ ஆரம்பித்தார். பூ முதலில் மழுங்கியது. பிறகு இதழ் இதழாகப் போயிற்று. எல்லாம் பொடியாகி ஒரு தாளில் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திருடினதை அடையாளம் தெரியாமல் பொடியாக்குகிறார் என்றுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை பேர் நடுவில், பட்டப்பகலில், அம்மன் முன்னாலேயே. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவீட்டுக்காரர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். "அம்மா, ராவுறாரு பாரு. அம்மா..."

"பேசாம பாரு" என்றாள். அவள் கை என் தோளை இறுக்கிக்கொண்டிருந்தது. வலித்தது.

பத்தர் அந்தப் பொடியை வெங்காரம் என்கிற வெள்ளை உப்போடு குழைத்தார். ஒரு இறகு நுனியால் தொட்டு எங்கேயோ வைத்தார். அவர் முதுகு மறைத்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குழலை வாயில் வைத்து ஊதினார். தீ நாக்கு நீண்டு நீலமாகி ஒரே இடத்தில் நின்றது. சட்டென்று ஒரு வெளிச்சம் கோடு மாதிரி ஓடியது. குழலை எடுத்துவிட்டு, தாலியைத் தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது. எடுத்து வளையத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. சூலக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் அம்மா குலவை போட்டாள்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. தாலி இன்னும் தட்டுக்குக்கூட வரவில்லை. கல்லுக்கு வெளியே நின்றுகொண்டு, தொண்டை கிழிய, என் அம்மா ஒருத்தி மட்டும். என்ன செய்வதென்று தெரியாமல் ஊர்ப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அம்மன் தாலிக்குக் குலவை எழுந்துவிட்டால் அதை விடக்கூடாது. பெரியவீட்டுக்காரரின் தங்கச்சிதான் முதலில் சேர்ந்தார். அப்புறம் எல்லாரும் சேர்ந்தார்கள். அப்பா ஒரு நொடி அம்மாவையே பார்த்தார். பிறகு தப்பை இறக்கி அடித்தார். அவர் அப்படி அடித்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எனக்கு மட்டும் ஆத்திரம். திருட்டுக் கொடுத்தவள் எதற்குக் குலவை போடுகிறாள்?

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேவிட்டேன். "அந்தப் பத்தரு நம்ம மூக்குத்தியத் திருடிட்டாரும்மா. நான் பாத்தேன்."

அம்மா நின்றாள். "கன்னத்துல போட்டுக்க" என்றாள். போட்டுக்கொண்டேன். "குடுத்தாச்சு. இனி அதப் பத்தி ஒரு வார்த்த யாருகிட்டயும் பேசக் கூடாது. உங்கத்தைகிட்டயும்."

அத்தை சும்மா இருப்பாளா? "பத்தரு நல்லா அமுக்கிட்டாரு போ" என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அவள் அப்புறம் மூக்குத்தியே போடவில்லை. ஈர்க்கையும் ஒருநாள் எடுத்துவிட்டாள். துளை தூர்ந்துவிட்டது. அந்தியில் வரப்பில் வருகிறவர்களில் அம்மா யார் என்று கண்டுபிடிக்க நான் குரலைப் பழகிக்கொண்டேன்.

முந்திரி உடைக்கிற காலத்தில் அம்மா முதல் பருப்பில் ஒரு படி எடுத்துக்கொண்டு பத்தர் வீட்டுக் கொல்லைப்பக்கம் போவாள். என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். திருடினவருக்கு முந்திரிப்பருப்பு வேறா என்று எனக்கு வயிறு எரியும். அவர் வந்து பார்த்துவிட்டு, "சொத்தையாப் பாத்துப் பொறுக்கிக்கிட்டு வந்தியா?" என்பார். அம்மா, "ஆமாங்கய்யா, உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன்" என்பாள். அவர் பாத்திரத்தை நீட்டுவார். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சுக் கிடையாது.

ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "எங்கம்மா மூக்குத்திய எப்பத் தருவீங்க?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் வாயைப் பொத்த வந்தாள். பத்தர் கையமர்த்தினார். என்னைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார்.

"தர முடியாது. போ" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே அவர் இருமினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. அவரை அதற்கப்புறம் நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நான் கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வருவதற்கு முன்னமே அவர் காலமாகிவிட்டார். அம்மா அன்று உலை வைக்கவில்லை. அது ஏன் என்றும் நான் கேட்கவில்லை.

எனக்குக் குழந்தைகள் பிறந்த பிறகு ஒருநாள் என் தாலியின் வளையம் விட்டுப் போயிற்று. பெரம்பலூரில் சந்துக்குள் இருக்கிற ஒரு தங்க வேலைக்காரரிடம் போனேன். பழைய சுத்தமான தங்கத்தில் ஒரு துணுக்கு இருந்தது. அதை நீட்டி, "இத வச்சே ஒட்டிக் குடுங்கண்ணே, நல்ல தங்கம்" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்ல தங்கத்த வச்சு ஒட்ட முடியாதும்மா. பொடி வச்சுதான் ஊதணும். அது தாலியவிட மட்டமா இருக்கணும். அப்பத்தான் தாலி உருகறதுக்கு முன்னாடி அது உருகி ரெண்டையும் புடிக்கும். ஒசந்ததும் ஒசந்ததும் ஒட்டாதும்மா."

அவர் ஒரு மட்டத் தங்கத் துண்டை அரத்தால் ராவ ஆரம்பித்தார். பொடி தாளில் விழுந்தது. வெங்காரம். இறகு. குழல். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "தலை சுத்துதாம்மா, தண்ணி குடிக்கிறியா?" என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலமே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா, அந்த மூக்குத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"கழுத்துலதான் கெடக்குது" என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வளையத்தயும் தாலியயும் புடிச்சுக்கிட்டு. நீயுந்தானே பக்கத்துல நின்னு பாத்தே?"

"பாத்தேன். எனக்குத் தெரியலியே. நீ சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ உங்கத்தைகிட்ட சொல்லுவ. அவ ஊருக்குச் சொல்லுவா. மறுநாளே கழட்டிப்புடுவாங்க. அந்த மனுசன் ஊருக்கு முன்னாடி ஒரு பொய்யும் சொல்லல. உருக்குல சேக்க முடியாதுன்னாரு, சேக்கல. நானும் கேக்கல, அவரும் சொல்லல. நான் போன பொறவு வேணுமின்னா நீ சொல்லிக்க."

அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அத்தையும் இல்லை, பெரியவீட்டுக்காரரும் இல்லை. சூலக்கல்லைத் தாண்டி இப்போது எங்கள் பிள்ளைகள் போகிறார்கள், வருகிறார்கள். அதற்கும் நிறையப் பேர் பாடுபட்டிருக்கிறார்கள். அது வேறு கதை. திருவிழாவுக்குப் போகும்போது நானும் உள்ளே போய்க் கும்பிடுகிறேன். மாலைக்கு நடுவில் அந்த வளையம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். சில வருஷம் தெரியும். சில வருஷம் பூ மறைத்துவிடும்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் நல்லது. சொல்லும்போது நான் எழுதினபடியே சொல்லுங்கள். ஆத்தா கனவில் வந்து பத்தருக்கு உத்தரவு போட்டாள் என்று சேர்க்க வேண்டாம். அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் அம்மா கண்ணீர் விட்டுக் கதறினாள் என்றும் சொல்ல வேண்டாம். அவள் குலவைதான் போட்டாள். ஊர்க்காரர்களை நான் சொன்னதற்கு மேல் கெட்டவர்களாக்க வேண்டாம். பத்தர் வெடுக்கென்று பேசினதை இனிப்பாக மாற்ற வேண்டாம். மட்டப் பொன் என்று சொன்னதை அப்படியே மட்டப் பொன் என்றே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அங்கே நின்ற ஒரு சின்னப் பெண், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு, அவரைத் திருடன் என்று நம்பினாள். அவர் முகத்துக்கு நேராகவே கேட்டாள். இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.